அம்மா மிதித்த பிரேக்

வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். சுகம் என்று எழுதும்போது என் இடது கட்டைவிரலைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது, வலி குறைந்துவிட்டது, அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மேலே எழுதுகிறேன். குட்டியின் இருமல் நின்றதா? வெந்நீர் கொடு, அவள் வேண்டாம் என்பாள், நீயும் அந்த வயதில் வேண்டாம் என்றவள்தான், கொடு. உன் முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே நாள் போகிறது, இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் மாற்றிவிடு. போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் உன்னோடு வாதாட எனக்கு வராது, பாப்பா. நான் ஒன்று சொல்ல ஆரம்பிப்பேன், நீ அதற்குப் பதிலை முன்னாலேயே யோசித்து வைத்திருப்பாய், நான் சரிம்மா, நீ சொல்வதும் நியாயம்தான் என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. நான் சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாத ஒரு வழி வேண்டியிருந்தது, அதனால் கடிதம். கோபித்துக்கொள்ளாமல் படி. படித்த பிறகு கோபம் வந்தால் அதற்கும் நான் தயார்.

விஷயம் காரைப் பற்றியது. நாளைக் காலையில் பழைய இரும்புக்காரர் வருகிறார். நீதான் அங்கிருந்தபடியே தேடிப் பிடித்து, பேசி, இழுத்துக்கொண்டு போக நாளும் குறித்துக் கொடுத்தாய். அன்பினால் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் மறுபடியும் கார் ஓட்டுவாளோ என்ற பயம் உனக்கு, உன்னைவிட அந்தப் பயம் எனக்கு அதிகம். அந்த நேரம் பார்த்து வண்டியும் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. ஒர்க்ஷாப்காரர் வந்து குனிந்து பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு, "சார், சீல் போயிடுச்சு. சீல் பெரிய விஷயமில்ல. அதுக்கு முன்னாடி இருக்கிற புல்லி துருப் பிடிச்சு அப்படியே ஒட்டிக்கிச்சு. என்ஜினை இறக்கித்தான் பாக்கணும். இந்த வயசான வண்டிக்கு அது தேவையா? வித்துடுங்க, நிம்மதி" என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். என்ஜினின் பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் இரும்புச் சக்கரம் இருக்கிறது, அதன் மேல் பெல்ட் ஓடும், அதுதான் புல்லி. அதன் நடுவில் ஒரு பெரிய போல்ட், பின்னால் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், அதுதான் சீல். ஒரு மோதிரம் மாதிரி வளையத்துக்காக ஒரு காரையே தூக்கிப் போடுவதா என்று எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் நீ சொன்னாய், ஒர்க்ஷாப்காரர் சொன்னார், நான் தலையாட்டினேன். அம்மா சரி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

அந்தச் சரிக்குப் பிறகு அவள் செய்ததைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். காருக்குள் அவள் போட்டு உட்காரும் அந்த நீலக் குஷன் உனக்கு ஞாபகம் இருக்கும். அது இல்லாவிட்டால் அவளுக்கு ஸ்டியரிங்குக்கு மேலே சாலை தெரியாது. மறுநாள் காலையில் நான் சமையலறைக்குள் போனால் அந்தக் குஷன் அங்கே நாற்காலியில் கிடக்கிறது. அம்மா அதன் மேல் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா இது இங்கே என்று கேட்டேன். "அங்க இருந்து என்ன பண்ணப் போவுது? இங்கயாவது ஒருத்தர் உட்காரலாம்" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன், எனக்குப் பழக்கமானதுதான். சித்தி வீட்டுக்குப் போவது நின்று எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். மலைப்பாதையில் இரண்டு பஸ் மாற வேண்டும், அந்தப் பஸ்ஸின் படி அம்மாவின் முட்டிக்கு ஆகாது. சித்தியோ வாசலைத் தாண்டுவதில்லை. இரண்டு பேரும் போனில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதோடு சரி. கார் போய்விட்டால் அக்காவும் தங்கையும் இனிமேல் போனில்தான் என்பது அந்தக் குஷனைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அதிகம் யோசிப்பவன், குறைவாகச் செய்பவன், உனக்குத் தெரியாததில்லை. அன்றைக்கு டீயைக்கூடக் குடிக்காமல் கார் கொட்டகைக்குப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

என்னிடம் இருந்த சாமான்கள் இவ்வளவுதான்: காரோடு வந்த ஜாக்கி, ஸ்பேனர் செட், சுத்தியல், அரம், உடைந்த குடிநீர்க் குழாயின் ஒரு நீளமான துண்டு. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதே என்று நீ சொல்வாய், போகவில்லை. முன்பக்கம் இரண்டு பக்கமும் தடித்த மரக்கட்டைகளை அடுக்கி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்து, மறுபடியும் ஆட்டிப் பார்த்து, அதன் பிறகுதான் முன்சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மறைப்பு இருந்தது, அதையும் எடுத்தேன். புல்லி அங்கே இருக்கிறது, ஆனால் வண்டியின் இரும்புச் சட்டம் ஒன்று குறுக்கே மறைக்கிறது. கை நுழையும், ஸ்பேனர் நுழையும், கண் மட்டும் நுழையாது. எனவே அம்மாவின் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து எதிரே சாய்த்து வைத்தேன். கண்ணாடியில் புல்லி முழுசாகத் தெரிந்தது. இப்போது கவனமாகப் படி. போல்ட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் கண்ணாடியில் திசை இடவலம் மாறித் தெரியுமே! இதை எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அதனால் நிதானமாக யோசித்து, கண்ணாடியில் பார்க்கும்போது வலப்பக்கமாகச் சுற்றுவது போலத் தெரிந்தால்தான் நிஜத்தில் கழல்கிறது என்று முடிவு செய்து, மறக்காமல் இருக்க வண்டியின் பக்கத்தில் சாக்பீஸால் வலப்பக்கமாக ஓர் அம்புக்குறி போட்டேன். அதுவரை ஒரு தப்பும் இல்லை. மறுநாள் காலையில் வந்தேன். கையால் தடவியே போல்ட்டின் தலை கிடைத்துவிட்டதால் கண்ணாடி தேவைப்படவில்லை. ஸ்பேனரைப் பொருத்தினேன். அம்புக்குறியைப் பார்த்தேன். அம்பு காட்டிய பக்கம் அழுத்த ஆரம்பித்தேன்.

முதலில் போல்ட்டோடு சேர்ந்து என்ஜினே சுற்றியது. கியரைப் போட்டு, சக்கரம் இருந்த இடத்தில் ஒரு கட்டையைச் செருகிச் சுற்றாமல் பார்த்துக்கொண்டேன். ஸ்பேனரின் கைப்பிடியில் குழாய்த் துண்டை மாட்டி நீளமாக்கிக்கொண்டு அதன் மேல் என் முழு எடையையும் போட்டேன். அசையவில்லை. துருநீக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருந்தேன், சுத்தியலால் தட்டினேன், மறுபடியும் தொங்கினேன். கட்டை நழுவியது, குழாய் நழுவியது, என் கட்டைவிரல் சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கத்தினேன். மதில் மேல் தலை தெரிந்தது. நம் பக்கத்து வீட்டு ரேடியோதான். நிறுத்தாமல் பேசுகிறாரே என்று நீ சின்ன வயதில் வைத்த பேர், இன்னும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். "வாத்தியாரே, நீங்க வண்டியைக் கழட்டுறீங்களா, வண்டி உங்களைக் கழட்டுதா?" என்று கேட்டார். வண்டிக்கு என்ன வயசு, உங்களுக்கு என்ன வயசு, ரெண்டையும் கூட்டினா எவ்வளவு வரும் தெரியுமா என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, விரல் வலியால் என்று வைத்துக்கொள். ஒர்க்ஷாப்காரர் முடியாது என்றதை நான் செய்யப் பார்ப்பது என்ன புத்தி, சாமான்களை எடுத்து வைத்துவிடலாம் என்று சுத்தியலைக் கையில் எடுத்தேன். எடுத்து வைப்பதற்காக எடுத்த சுத்தியலால் போல்ட்டை இன்னொரு தட்டு தட்டினேன். ஏன் என்று எனக்கே தெரியாது. விட மனசு வரவில்லை.

அப்போதுதான் அம்மா கைக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தாள். கொட்டகை வாசலில் நின்று, கழற்றிய சக்கரத்தைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள், சாக்பீஸ் அம்பைப் பார்த்தாள். ஏன் கழற்றுகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. "இது என்ன அம்பு?" என்று மட்டும் கேட்டாள். நான் கண்ணாடியின் தத்துவத்தை ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "சரி. இப்போ ஸ்பேனரை எங்க போட்டிருக்கீங்க? போல்ட்டுலயா, கண்ணாடியிலயா?" என்றாள். பாப்பா, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். காலையிலிருந்து நான் அந்தப் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துருப் பிடித்த போல்ட்டை, குழாய் மாட்டி, முழு எடையையும் போட்டு, இறுக்கியிருக்கிறேன். திசையைப் பற்றி யோசிக்காதவன் செய்யாத தப்பு இது, அதிகம் யோசித்ததால் வந்த தப்பு. ரேடியோவுக்குக் கேட்டிருக்கும், மதிலுக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு நிற்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "நல்லவேளை, உங்களுக்குப் பலம் அவ்வளவுதான்" என்றாள். அம்பை அழித்துவிட்டு அவளே எதிர்ப்பக்கமாக ஒரு அம்பு போட்டாள்.

இப்போது திசை சரி. ஆனால் கட்டை தாங்காது என்று தெரிந்துவிட்டது, முன்னைவிட இறுக்கமான போல்ட் வேறு. என்ஜினை அசையாமல் பிடிக்க ஒரே வழி, கியரில் போட்டு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்வதுதான். அது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் நான் அம்மாவைக் கூப்பிடவில்லை. பிரேக் வலது காலில், ஆபரேஷன் ஆனதும் வலது முட்டி. என்ஜின் ஓடாதபோது பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கும், அதை அந்த முட்டியால் மிதிக்கச் சொல்வதா? ரேடியோவைக் கூப்பிடுகிறேன் என்றேன். "அவரு மிதிக்க வந்தா வாயை யாரு மிதிக்கிறது?" என்றாள். அப்புறம் கொட்டகைத் தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்று சொன்னாள்: "டாக்டர் என்ன சொன்னாரு? மூணு மாசம் கழிச்சு ஓட்டலாம்னாரு. மூணு மாசம் எப்பவோ முடிஞ்சுது. ஓட்டவே கூடாதுன்னு சொன்னது யாரு? நீங்களும் உங்க பொண்ணும். என் முட்டியைப் பத்தி ஊரெல்லாம் பேசுறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போயிடுவீங்க?" இதை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது எனக்கு மட்டும் சொன்னது இல்லை. அவள் உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். குஷனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஓட்டுநர் இருக்கையில் அதைப் போட்டு, தட்டி, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

முதல் தடவை நான் குழாயை அழுத்தியபோது சக்கரத்தின் தட்டு லேசாகச் சுற்றியது. "இருங்க, சீட்டை முன்னாடி தள்ளிக்கிறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இரண்டாவது தடவை, "உம், இப்போ" என்றாள். நான் குழாயின் நுனியைப் பிடித்துக் கீழே தொங்கினேன். எதுவும் அசையவில்லை, நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. அந்த இருப்பு எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று மடாரென்று ஒரு சத்தம். எலும்பு முறிகிற மாதிரிச் சத்தம். என் மனசு எங்கே போயிருக்கும் என்று உனக்கே தெரியும். முட்டி போயிற்று என்று நினைத்தேன். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, தலையைச் சட்டத்தில் இடித்துக்கொண்டு, ஐயோ முட்டி, ஐயோ முட்டி என்று கத்திக்கொண்டே கதவைப் போய்த் திறந்தேன். அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "முட்டி இல்லீங்க. போல்ட்டு" என்றாள். போய்ப் பார்த்தேன், குழாய் கால்வட்டம் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் விரலாலேயே சுற்றி எடுத்துவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ரேடியோ முதல்முறையாகச் சத்தமில்லாமல் இருந்தார்.

போல்ட் வந்துவிட்டால் புல்லி வந்துவிடும் என்று நினைக்காதே, நான் நினைத்தேன். அது துருவால் அச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நெம்பிப் பார்த்தேன், விளிம்பில் ஒரு பொடி உதிர்ந்தது, உடனே நிறுத்திவிட்டேன். உடைந்தால் இன்னொன்று இந்த வண்டிக்குக் கிடைக்காது. தீ காட்டவும் முடியாது, நடுவில் ரப்பர் இருக்கிறது. அன்று முழுவதும் சும்மா உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணாடியில் இல்லை, டார்ச்சை உள்ளே விட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து. போல்ட் இருந்த ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்ன ஓட்டைகள். அவற்றில் எதுவும் இல்லை, ஆனால் உள்ளே போல்ட் முடுக்குவதற்கான திருகு மரை வெட்டியிருந்தது. ஒன்றையும் முடுக்கப் போவதில்லை என்றால் எதற்கு மரை வெட்டுகிறார்கள்? செய்தவன் இதைக் கழற்ற வேண்டிய நாள் வரும் என்று யோசித்துத்தான் வெட்டியிருக்கிறான். பேட்டரியைப் பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. அதே மாதிரி நீளமாக இரண்டு வாங்கி வந்தேன். இனி அவற்றை இழுத்துப் பிடிக்க ஒரு தடித்த இரும்புப் பட்டை வேண்டும். இங்கே நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். உன் கட்டிலுக்கு அடியில் குறுக்கே போகும் பட்டையை எடுத்துக்கொண்டேன். நீ வந்தால் படுக்கக் கட்டில் இருக்கிறது, பயப்படாதே, அந்த இடத்தில் மரக்கட்டை வைத்திருக்கிறேன், மாப்பிள்ளை மட்டும் அந்தப் பக்கம் படுக்க வேண்டாம். பட்டையில் ஏற்கெனவே ஓட்டைகள் இருந்தன, அரத்தால் தேய்த்துத் தேய்த்து அகலப்படுத்தினேன். பழைய பெரிய போல்ட்டை இரண்டு மரை மட்டும் உள்ளே விட்டு, அதன் தலையில் பட்டை அழுந்தும்படி வைத்து, இரண்டு புதுப் போல்ட்டுகளையும் பட்டை வழியாகப் புல்லிக்குள் முடுக்கினேன். முடுக்க முடுக்க, பட்டை தலையில் முட்டிக்கொண்டு நிற்கும், புல்லி வெளியே வந்தாக வேண்டும். கணக்கு சரி. பட்டை வளைந்துவிட்டது.

அதனால் உன் கட்டிலின் இன்னொரு குறுக்குப் பட்டையும் போயிற்று. இரண்டையும் சேர்த்து வைத்தேன். அம்மா கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து புல்லியின் நடுப்பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நான் ஒரு போல்ட்டை அரைச் சுற்று, மற்றதை அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கினேன், ஒரு பக்கம் அதிகமானால் கோணிக்கொள்ளும். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "மேல... கீழ... மேல... அவசரப்படாதீங்க, கீழ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக் என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். என்ஜினை இறக்க வேண்டும் என்றார்களே, அந்தப் புல்லி அசைந்து, நகர்ந்து, என் மடியில் வந்து விழுந்தது. அதை ஒரு குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம், அம்மா சொன்னாள். அதோடு ஒரு சங்கடம், புல்லி சுற்றாமல் பிடித்திருக்கும் அரைவட்டத் துண்டு ஒன்று உண்டு, நகத்தளவு இருக்கும், அதைக் காணோம். அது இல்லாமல் புல்லியை மறுபடி போட முடியாது. இரண்டு பேரும் தரையெல்லாம் தேடினோம், நான் மண்டியிட்டு, அவள் நின்றபடி துடைப்பத்தால். கடைசியில் என் மடித்த சட்டைக் கையின் மடிப்பில் இருந்தது. அம்மாதான் கண்டுபிடித்தாள்.

ஒர்க்ஷாப்காரரிடம் போய்ப் புது சீல் கேட்டேன். "நெசமாவே கழட்டிட்டீங்களா சார்? பிரேக்கை யாரு புடிச்சது?" என்றார். வீட்டம்மா என்றேன். "ஆபரேஷன் பண்ணினாங்களே, அந்தக் காலா?" என்று வாயைத் திறந்தபடி நின்றார். சீலைக் கொடுத்தார். அந்தக் கட்டில் பட்டையைக் கொஞ்ச நாள் இரவல் கேட்டிருக்கிறார், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பழைய சீல் காய்ந்த ரொட்டி மாதிரி விண்டு வந்தது. புதியதை எண்ணெய் தடவி உட்கார வைத்து, புல்லியைப் போட்டு, போல்ட்டை முடுக்கினேன், அதற்கும் அம்மா பிரேக் மிதித்தாள், இந்தத் தடவை நானே கூப்பிட்டேன். சற்று முன்புதான் சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கினோம். இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. அம்மா இப்போதே சாவியைப் போடலாம் என்றாள், நான்தான் காலையில் வெளிச்சத்தில் பார்ப்போம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், பயம். சீல் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். அச்சில் தேய்மானம் இருக்கலாம். நான் நினைத்தே பார்க்காத வேறொன்று இருக்கலாம். ஆனால் ஒன்றை இப்போதே, ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, எழுதிவிடுகிறேன், பிறகு எழுதினால் அதற்கு மரியாதை இல்லை. நாளை வண்டி ஒழுகினாலும் இரும்புக்காரரிடம் கொடுக்க மாட்டேன். மறுபடியும் கழற்றுவேன். வழி தெரியும், பட்டை இருக்கிறது, பிரேக் மிதிக்க ஆள் இருக்கிறது. நீ போனில் என்ன சொன்னாலும் என் பதில் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை

மேலே எழுதியதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன், அதனால்தான் அந்தத் தாளில் எண்ணெய்க் கறை, மன்னித்துக்கொள். நேற்றுக் காலையில் இரும்புக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே இழுவை வண்டியோடு வந்துவிட்டார். நல்ல மனிதர், பெரிய மீசை, என்னைப் பெரியவரே என்றுதான் கூப்பிட்டார். வண்டியைக் கொடுப்பதற்கில்லை என்று சொல்ல வேண்டிய வாசகத்தை நான் முதல் நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள், உங்களுக்கு வீண் அலைச்சல், டீ சாப்பிடுகிறீர்களா என்று உளறினேன். அதற்குள் அம்மா குஷனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாள், ஏறி உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பினாள். உறுமிவிட்டு ஓட ஆரம்பித்தது. நான் அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தேன். இரும்புக்காரரும் டீ டம்ளரோடு என் பக்கத்தில் குத்தவைத்தார். மதில் மேலே ரேடியோ. என்ஜின் சூடாகி மின்விசிறி ஓடி நிற்கும்வரை மூன்று பேரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தது, என் உயிர் போய் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரும்புக்காரர் எழுந்தார். "பெரியவரே, நான் செத்த வண்டியைத்தான் எடுப்பேன். இது என் கிராக்கி இல்ல" என்றார். போகும்போது ஓட்டுநர் ஜன்னலில் குனிந்து, "பாத்துப் போங்கம்மா" என்றார். அம்மா இன்னும் எங்கேயும் கிளம்பியிருக்கவில்லை. அவர் சொன்னதும், "ஏறுங்க" என்று என்னிடம் சொன்னாள்.

இதை நான் சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாதான் ஓட்டி வந்தாள், மலைப்பாதை முழுவதும். நான் வழக்கம்போலப் பக்கத்து இருக்கையில் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வளைவில் ஒரு லாரியை முந்தப் போனாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன், "மூடிக்கிட்டா லாரி போயிடுமா?" என்றாள், ஆனாலும் முந்தவில்லை, நேரான சாலை வந்த பிறகுதான் முந்தினாள். இடையில் ஒரு தடவை நிறுத்தி இறங்கிக் காலை நீட்டி மடக்கினாள். வலிக்கிறதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. அடியில் குனிந்து எண்ணெய் பார்த்தேன், காய்ந்திருந்தது. சித்தி வாசலில் நின்று, "நான் செத்துட்டேன்னு சேதி வந்தாத்தான் நீ வருவேன்னு நினைச்சேன்" என்றாள். "சேதி வரும் வரும்னு பாத்தேன், வரல, அதான் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் அம்மா. அப்புறம் இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்த நிமிஷம் வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள், சிரிப்புச் சத்தம் இங்கே கேட்கிறது. நாளைக்கோ மறுநாளோ திரும்புவோம், எப்போது என்பதை ஓட்டுகிறவள் முடிவு செய்வாள்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் என்றால் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நீ பயந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, நானும்தான் பயந்தேன். நாம் இருவரும் பயந்து பயந்து அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம், அதுதான் விஷயம். அந்தப் போல்ட்டைக் கழற்றியது நான் என்று ஒர்க்ஷாப்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். குழாயில் தொங்குவதற்கு ஒரு மூட்டை போதும், பாப்பா. அசையாமல் பிடித்துக்கொண்ட காலால்தான் அது கழன்றது. அடுத்த தடவை போன் செய்யும்போது ஒரு உதவி செய். அம்மாவிடம் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்காதே, வண்டி எப்படி ஓடுகிறது என்று கேள். முட்டியைப் பற்றி அவளே சொல்வாள், சொல்ல வேண்டியது இருந்தால்.

நாற்காலியை மாற்ற மறக்காதே. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ. மாப்பிள்ளைக்கு என் அன்பு. குட்டியிடம் கண்ணாடியைப் பார்த்துத் தாத்தா ஏமாந்த கதையைச் சொல், சிரிக்கட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் கேட்டு, ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். என்ன எழுதட்டும் என்று கதவைத் தட்டி அம்மாவைக் கேட்டேன். "பிரேக் நல்லா இருக்குன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா

பின்குறிப்பு: சமையலறை நாற்காலியில் இப்போது குஷன் இல்லை. மரம் உறுத்துகிறது. பட்டாணி உரிப்பது இனி நான்தான் என்று ஏற்பாடு. நீ வரும்போது எனக்கு ஒரு குஷன் வாங்கி வா, எந்த நிறமானாலும் சரி, நீலம் மட்டும் வேண்டாம்.